வெள்ளிக்கிழமை ஒரு மணிக் கட்டம்

கொடுக்காத மாத்திரையைக் கொடுத்ததாக எழுதியவர் யார்?

நான்தான். அதையும் என் பெயரில் எழுதவில்லை. காசிம் பாயின் முதலெழுத்தைப் போட்டு எழுதினேன். பழி அவர்மேல் விழுந்தது. விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் பதினொரு மாதங்கள் வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்ற உறுதியோடு எழுதுகிறேன். உங்களில் யாரேனும் மருந்து கொடுக்கும் இடத்தில் பணிபுரிபவராக இருந்தால், தயவுசெய்து இறுதிவரை படியுங்கள்.

நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஆம்பூரில் பைபாஸை ஒட்டிய தெரு ஒன்றில், இருபது படுக்கைகள் கொண்ட குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அங்கே சேர்கிறவர்களில் பெரும்பாலானோர் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள். என் பொறுப்புகளில் முதன்மையானது, மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது, எப்படிப் பதிவு செய்வது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது.

பெயரைக் கேள். மாத்திரையைக் கையில் கொடு. விழுங்குவதைப் பார். வாயைத் திறக்கச் சொல். அதன் பிறகே கட்டத்தில் எழுது... மருந்தறைச் சுவரில் ஒட்டியிருந்த இந்த வரிகள் நான் எழுதியவை. என்னைவிட நன்றாக இவற்றை அறிந்தவர் அங்கே எவருமில்லை.

காசிம் பாய் எங்கள் வார்டு உதவியாளர். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு காலத்தில் இதே மையத்தில் நோயாளியாகப் படுத்திருந்தவர். குடியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்பவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

“தோஸ்த், நான் அந்தக் கன்னத்துலயே குடும்பம் நடத்துனவன். ஒழுங்கா முழுங்கு” என்பார். வார்டே சிரிக்கும். அவனும் சிரித்துவிட்டு விழுங்குவான்.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மதிய மாத்திரைக்கு நேரம் ஒரு மணி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், தொழுகைக்குச் செல்ல விரும்பும் நோயாளிகளைக் காசிம் பாய் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்வார். அவர்களுக்குப் புறப்படும் முன்பே மாத்திரை கொடுத்துவிடுவார். மற்றவர்களுக்குத் திரும்பி வந்து, இரண்டு மணியளவில் கொடுப்பார். ஆனால் அட்டவணையில் எல்லாவற்றையும் ஒரு மணிக் கட்டத்திலேயே எழுதுவோம். வேறு கட்டம் இல்லை. எல்லாரும் அறிந்த சிறிய பொய் அது. பயிற்சி தந்த நானும் அறிந்த பொய்.

அந்த வெள்ளிக்கிழமை நர்ஸ் ஜான்சி விடுப்பில் இருந்தாள். எங்களுக்கு நிதி தரும் அமைப்பிலிருந்து இருவர் மையத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. இரண்டு மணிக்கு வரவேண்டியவர்கள் ஒன்றரைக்கே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் அட்டவணை விரித்துக் கிடந்தது. ஆறு பேருக்கு எதிரே ஒரு மணிக் கட்டம் காலி.

மாதிரி மையம் என்று நான்தான் அவர்களுக்கு எழுதியிருந்தேன். காலிக் கட்டங்களை எப்படிக் காட்டுவது?

பேனாவை எடுத்தேன். ஆறு கட்டங்களிலும் ‘கா’ என்று எழுதினேன். இன்னும் சிறிது நேரத்தில் அவர் வந்து கொடுக்கத்தானே போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை...

காசிம் பாய் திரும்பியபோது நான் விருந்தினர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மேசையருகே வந்து அட்டவணையைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி, அந்தக் கட்டங்களில் விரலை வைத்து, என்னைப் பார்த்தார். மாத்திரைகளை நீங்களே கொடுத்துவிட்டீர்களா என்பதுதான் அந்தப் பார்வை. எனக்கு அது புரியவில்லை என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர்கள் முன்னிலையில் அவர் பேசாமல் நகர்ந்தால் போதும் என்றிருந்தது. ஆமென்பதுபோல் தலையசைத்தேன்.

அவர் நகர்ந்துவிட்டார்.

விருந்தினர் போனபின்னாவது மாத்திரைகளின் நினைவு வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் பாராட்டிவிட்டுப் போன மகிழ்ச்சியில் நான் அறிக்கை தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்குக் குமரேசனுக்கு வலிப்பு வந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர்; தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுபவர். குடியை நிறுத்தி மூன்றாம் நாள். உடல் நடுங்கும் நாட்கள் அவை. அந்த நடுக்கம் வலிப்பாக மாறாமல் காப்பதற்குத்தான் வேளை தவறாமல் மாத்திரை. முகம் கழுவப் போனவர் துவைகல்லில் தலை மோதி விழுந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்தன. நெற்றி பிளந்தது.

மருத்துவர் அட்டவணையைப் பார்த்தார். “எல்லா வேளையும் குடுத்திருக்கீங்க. அப்புறமும் ஃபிட்ஸ் வருதுன்னா தலைக்குள்ள வேற ஏதாவது இருக்கணும்” என்று சொல்லி, வேலூருக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். அவர் நம்பியது என் எழுத்தை. இல்லாத நோயைத் தேடி, காயத்தோடு இருந்த ஒரு மனிதர் ஆம்புலன்சில் போனார்.

மறுநாள் ஜான்சி வந்து மாத்திரைகளை எண்ணினாள். ஆறு பேரின் மதிய மாத்திரைகளும் அட்டையிலேயே இருந்தன.

மையத்தின் செயலர் எங்கள் எல்லோரையும் அழைத்தார். “என்ன பாய் இது? குடுக்காமலே குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க.”

“நான் எழுதல சார்.”

“‘கா’ உங்க எழுத்துதானே?”

“என் எழுத்துதான். நான் போடல.”

செயலர் என்னைப் பார்த்தார். “இவருக்குப் பயிற்சி குடுத்தீங்களா இல்லையா?”

“எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன், சார்” என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எத்தனை கவனமாகப் பொறுக்கிய சொற்கள்... அதற்குத்தான் படித்தேனா?

காசிம் பாய் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மருந்தறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதன்பின் வேலைக்கு வரவில்லை.

குமரேசனின் மனைவி அவரை மையத்துக்குத் திரும்ப அனுப்பவில்லை. “மாத்திர குடுத்தும் இப்டின்னா, இந்த எடம் எதுக்கு?” என்று கேட்டு, அவருடைய பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மாதத்தில் அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். தவறிய அந்த ஒரு வேளைதான் வலிப்புக்குக் காரணம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த ஐயத்துக்குள் நான் பதினொரு மாதம் குடியிருந்தேன்.

அத்தோடு நின்றேனா? இல்லை. அந்தச் சம்பவத்தையே என் பயிற்சிப் பாடமாக்கினேன். பெயர் சொல்லாமல், “ஓர் உதவியாளர் மாத்திரை கொடுக்கும் முன்பே எழுதிவிட்டார்” என்று ஊர் ஊராகச் சொன்னேன். கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நல்ல உதாரணம் என்றார்கள்.

இராணிப்பேட்டையில் நடந்த ஒரு பயிற்சியில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவளும் வார்டு உதவியாளர்.

“மேடம், அவரு ஏன் அப்டி எழுதுனாருன்னு அவராண்ட யாராவது கேட்டீங்களா?”

“அது விசாரணையில்...” என்று தொடங்கினேன்.

“இல்ல மேடம், நாங்க பண்ணா சும்மா பண்ண மாட்டோம். யாரோ அவசரப்படுத்தியிருப்பாங்க. இல்லாட்டி யாரோ வர்றாங்கன்னு சொல்லியிருப்பாங்க.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். உணவு இடைவேளை விட்டேன். பிற்பகல் வகுப்பை நடத்தவில்லை.

மறுநாள் காசிம் பாயைத் தேடிப் போனேன். ஒரு தோல் தொழிற்சாலையில், ஈரத்தோலை இழுத்து மாட்டிக் காயவைக்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார். மதிய இடைவேளையில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“இன்னா மேடம், இவ்ளோ தூரம்?”

சொன்னேன். எதையும் மென்மையாக்காமல், தலையசைத்தது உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“அன்னிக்கு அந்த மேசையாண்ட பேனா புடிச்சது ரெண்டே பேரு. நான் எழுதல. அப்புறம் யாரு?”

“ஏன் பாய் சொல்லல?”

“சொன்னேனே. நான் போடலன்னு சொன்னேன். அதுக்கு மேல நீங்க போட்டீங்கன்னு சொன்னா, குடிகாரன் படிச்ச பொண்ணு மேல பழி போடுறான்னு ஆயிடும். எதுக்கு பேஜாரு?”

கேட்க அஞ்சியதைக் கேட்டேன். “குடிக்கத் தோணுச்சா?”

“ஜாஸ்தியா. மூணு மாசம், சாயந்தரம் ஆனா கால் தானா கடைப் பக்கம் திரும்பும். வீட்ல டெய்லி கேட்டாண்ட வந்து நின்னு கூட்டிகினு போவாங்க. இங்க பசங்க கிண்டல் பண்ணுவானுங்க, பாய்க்கு ஸ்கூல் வுட்டாச்சுன்னு.” கிளாசைக் கீழே வைத்தார். “குடிக்கல. அதனால ஒண்ணும் ஆவலன்னு நெனச்சிக்காதீங்க.”

“செயலர்கிட்ட எழுதிக் கொடுக்கப்போறேன். நீங்க திரும்ப வரணும்.”

“எழுதுங்க. அது உங்க வேலை. வர்றதா வேணாமான்றது என் வேலை.”

“பாய், என்னை...”

“அதக் கேக்காதீங்க மேடம்” என்றார். குரல் உயரவில்லை. “இப்ப கேட்டா வராது.”

அன்று மாலையே எழுதினேன். செயலர் இருமுறை படித்துவிட்டு, “இத இப்ப எதுக்கும்மா கிளறணும்? மையத்தோட பேரு என்னாவறது?” என்றார். எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன் என்றேன். ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தேன். மருத்துவருக்கும், நிதி தந்த அமைப்புக்கும், இராணிப்பேட்டையில் என் பாடத்தைக் கேட்டவர்களுக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்பினேன். குமரேசனின் வீட்டுக்கும் போனேன். அவருடைய மனைவி வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு, “இப்ப அவரு எந்த மாத்திரையும் சாப்பிடுறதில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மையம் காசிம் பாயைத் திரும்ப அழைத்தது. அவர் வரவில்லை.

பயிற்சிப் பொறுப்பு இப்போது ஜான்சியிடம் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் வகுப்பெடுக்கிறாள். புதிய உதவியாளர்களோடு நானும் பாயில் உட்கார்ந்து கற்கிறேன். மாத்திரை கொடுக்க எனக்கு இன்னும் அனுமதி இல்லை.