டியூவர் வீட்டு மணி

எஃபி டியூவர் மணியைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் பாவாடையில் துடைப்பாள். முதலில் இடது, பிறகு வலது. மணியின் வாய்க்குள் மெல்ல ஒருமுறை ஊதுவாள், தூங்கும் குழந்தையின் நெற்றியில் ஊதுவதுபோல. அதன்பிறகே தூக்குவாள். நாக்கு எப்போதோ உதிர்ந்துபோன இரும்பு மணி அது. ஓட்ஸ் டப்பாவின் பக்கத்தில் அலமாரியில் இருக்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் டியூவர் என்ற பெயரே அந்த மணியால் வந்தது. பழைய கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கு வெளியூரான் என்று பொருள். பழங்காலத் துறவி ஒருவரின் மணியைச் சுமந்து வீடு வீடாக அலைந்தவனுக்கு அது ஒட்டிக்கொண்டது. சாகக் கிடப்பவரின் தலைமாட்டுக்கு மணியைக் கொண்டுபோவது டியூவர் வேலை. வழியில் தரையில் வைக்கக் கூடாது. இன்று ஆடு மேயும் டியூவர் வயலும், சர்ச் முற்றத்தில் பாசி படிந்த கல்லறைகளில் பாதியும் அவர்கள் விட்டுப்போனவை. ஊரில் உயிரோடு இருந்தது எஃபி மட்டும்.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குப் பிறகு மணி யாரிடம் என்று ஊரே கேட்டது.

போன ஜனவரியில் எடின்பரோவிலிருந்து மணியைக் கேட்டு ஹெக்டர் டியூவர் வந்தான். தூரத்து உறவு. நான் எஃபி வீட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பண்ணை டங்கன் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்.

"ரத்த சம்பந்தம்னு பாத்தா நான் ஒருத்தன்தான் அத்தை," என்றான் ஹெக்டர்.

"ரத்தம் இருக்கட்டும். கால் இருக்கா?"

அவன் சிரிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மேல்பண்ணை ஆர்ச்சிக்கு மூச்சு இழுக்கிறதாம், மணி வருமா என்று கேட்கிறாராம். வெளியே பனி கொட்டியது. பாதை மூடிவிட்டது, நடந்துதான் ஏற வேண்டும். எஃபிக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம்.

ஹெக்டர் ஜன்னலைப் பார்த்தான். "பனி விடட்டும் அத்தை. நாளைக்குக் காலைல நானே கொண்டுபோறேன்."

"நாளைக்கு இருப்பியான்னு ஆர்ச்சிகிட்டயே கேட்டுச் சொல்லு."

"விடு எஃபி, எடின்பரோ ஷூ நனைஞ்சிடும்," என்றார் டங்கன்.

சூப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் வந்திருந்தாள் அக்னியெஷ்கா. போலந்துக்காரி, மீன் பண்ணையில் வேலை. கால்சட்டையில் கைகளைத் துடைத்தாள். முதலில் இடது, பிறகு வலது. மணிக்குள் ஊதினாள்.

"கீழ வெக்கக் கூடாது, அவ்வளவுதானே எஃபி?"

கோட்டுக்குள் மணியை அணைத்துக்கொண்டு பனியில் ஏறத் தொடங்கினாள். நான் பின்னால் போனேன். இரண்டு முறை முட்டி மடங்கி விழுந்தாள். இரண்டு முறையும் மணி தலைக்கு மேலே இருந்தது.

ஆர்ச்சி இரும்பைத் தடவினார். "எஃபி எங்க?"

"இடுப்பு சரியில்ல. நான் வந்திருக்கேன்."

அவர் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

வசந்தத்தில், சர்ச்சில் எல்லோர் முன்னாலும், எஃபி மணியை அக்னியெஷ்காவிடம் கொடுத்தாள். ஹெக்டர் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றான். டங்கனுக்கே பொறுக்கவில்லை.

"இத்தனை தலைமுறை டியூவர் கையில இருந்தது. இப்ப எங்கிருந்தோ வந்தவ கையில."

"கை நல்ல கைதானேடா," என்றாள் எஃபி.

அக்டோபரில் எஃபியும் போய்விட்டாள். மணி அவள் தலைமாட்டில் இருந்தது, அக்னியெஷ்கா மடியில்.

அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு கிழவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படியே எஃபியின் தாடை.

"நான் அவ தங்கச்சி," என்றாள்.

அம்மா செத்ததும் கிளாஸ்கோ நகராட்சி அக்கா தங்கை இருவரையும் ரயிலேற்றி, ஆளுக்கொரு மலை வீட்டுக்கு வளர்க்க அனுப்பியது. எங்கள் ஸ்டேஷனில் இறக்கப்பட்டபோது எஃபிக்கு ஆறு வயது, கோட்டில் பெயர்ச்சீட்டு தைத்திருந்தது. பிள்ளையில்லாத டியூவர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். அதை அறிந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாசிக் கற்களுக்கடியில் இருக்கிறார்கள்.

எஃபி பிறந்த குடும்பத்தின் பெயர் ஹேடோ.