வீணாய்ப் போகிற வாரம்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் போன மாதம் ஒரு காகிதத்தை நீட்டினார். ஏதோ ஒரு ஹோட்டலில் வருஷத்துக்கு ஒரு வாரம் அவருக்குச் சொந்தம். அந்த வாரத்தை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குப் புள்ளிகள் தருவார்களாம், அந்தக் கம்பெனியின் எந்த ஹோட்டலிலும் அதைக் காட்டித் தங்கிக்கொள்ளலாமாம். "நீங்க முன்னமே மாத்துனவங்கதானே, லாபமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவம், அவர் மேல் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்களுடையது டிசம்பர் முதல் வாரம். எல்ல என்ற மலையூரின் ஹோட்டலில் மலையைப் பார்த்த பெரிய அறை, வருஷம் தவறாமல் ஏழு நாள். வெளிநாட்டுக்குப் போன ஒரு நண்பரிடமிருந்து என் வீட்டுக்காரர் அதை மலிவாக வாங்கினார். மலிவுக்குக் காரணம் இருந்தது. டிசம்பரில் எங்கள் பக்கம் அடிக்கிற மழையில் எவன் வேடிக்கை பார்க்க வருவான்? எதிரே நிற்கிற மலையே தெரியாது. முதல் வருஷம் நாங்களே போய், இரண்டாம் நாள் ஈரத் துணி மூட்டையோடு பதுளையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அடுத்த வருஷத்திலிருந்து அந்த அறைக்கு அக்கா குடும்பம் போனது. அக்கா பசறை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், நாங்கள் பிறந்த அதே வீட்டில்தான் ஒரு மாட்டையும் வளர்த்துக்கொண்டு இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், மழை பலத்தால் இறங்கிவிடுங்கள் என்றார்கள். எங்கே இறங்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தைத் திறக்க மேலிடத்து உத்தரவு வர வேண்டும். அது வருவதற்குள் பாதை போயிருக்கும்.

பதுளை பஜாருக்குப் பின்னால் எங்கள் வீட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன. மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சாத வருஷமில்லை. மச்சான், அதாவது அக்கா புருஷன், அசைய மாட்டார். என் வீட்டுக்காரர் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார்; அதனால் மச்சானுக்கு அவர் முதலாளி.

"கொழுந்தியா வாழப்போன வீட்டுல, அதுவும் முதலாளி வீட்டுல போய்ப் பாயை விரிக்கிறதா? நல்லாவா இருக்கும் புள்ள?" என்று சிரித்துக்கொண்டே மறுப்பார்.

தோட்டத்து ஆளுக்கு எவ்வளவு ரோசம் பார் என்று உள்ளுக்குள் திட்டுவேன். கடைசியில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். "ஹோட்டல் வாரம் வீணாப் போகுது மச்சான். யாரும் போகலன்னா பூட்டித்தான் கெடக்கும். நீங்க போனா எனக்கு ஒதவி" என்றேன். அதற்கு மசிந்தார். ஒரு பொருள் வீணாகப் போவதை அவரால் பொறுக்க முடியாது. அறைக்குள் அக்கா அரிசிச் சட்டியைச் சேலை மூட்டையில் ஒளித்துக் கொண்டுபோனதும், விடிந்ததும் எழுந்து குளியலறையைத் தேய்த்துக் கழுவி வைத்ததில் துப்புரவுக்கு வந்த பெண் தன் வேலை போய்விடுமோ என்று பயந்ததும் தனிக் கதை. மூன்று டிசம்பர் இப்படிப் போனது. மூன்று டிசம்பரும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகுதான் ஹோட்டல் கம்பெனியிலிருந்து அந்த அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சம்மதம் சொன்னால் வாரத்தைப் புள்ளியாக மாற்றித் தருவார்களாம். மாற்றினால் மாற்றியதுதான்.

"மழை வாரத்தக் கட்டிக்கிட்டு என்ன செய்றது? புள்ளின்னா மதுரையில தங்கலாம், சிங்கப்பூர்ல தங்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அக்காவுக்கு?"

"அவங்களுக்கும் புள்ளியிலயே அறை போட்டாப் போச்சு. எங்க ஓடிறப் போகுது?"

மதுரை என்றதும் எனக்கும் ஆசை வந்ததை மறைக்கமாட்டேன். நானும் தலையாட்டினேன். மழை வாரத்துக்கு எத்தனை புள்ளி தருவார்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "பின் சுவத்துல தண்ணி கசியுதுடி. கதவு சாத்த மாட்டேங்குது." நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்தவில்லை என்றால் தரை நகர்கிறது என்று அர்த்தம். உடனே ஹோட்டலுக்குப் பேசினேன். எங்கள் புள்ளி இரண்டு இரவுக்குத்தான் காணும் என்றார்கள். காசு கொடுக்கிறேன் என்றாலும் அதற்கு மேல் அறை இல்லை. ரயில் ஓடாததால் ஊர் திரும்ப முடியாதவர்கள் எல்லயில் எல்லா அறைகளையும் பிடித்துவிட்டார்கள். கிடைத்த இரண்டு இரவை எடுத்துக்கொண்டு மச்சானைக் கூப்பிட்டேன்.

"வாரம் வீணாப் போகுதா?" என்று கேட்டார்.

"ஆமா மச்சான், வீணாத்தான் போகுது" என்று பொய் சொன்னேன்.

இரண்டு இரவு கழிந்தும் மழை விடவில்லை. பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஓடினேன். அக்காவும் பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் வாசலில், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழ்களும் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பு மாட்டித் தயாராக இருந்தார்.

"ரெண்டு நாள்லயே ஒரு வாரம் முடிஞ்சிருச்சா புள்ள?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வாங்க மச்சான் என்று அழுதேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ கூப்புடுற. எட்டு வருஷமா நீதான் கூப்புடுற. முதலாளி அவரு வாயால ஒரு தடவ வாங்கன்னு சொல்லியிருக்காரா?"

என் வீட்டுக்காரர் தீபாவளிக்குத் துணி அனுப்பியிருக்கிறார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அறையையே கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. நானும் சொல்ல வைக்கவில்லை. அந்த வாரம் இருந்ததால் அதற்கு அவசியமே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மச்சான் குடும்பத்தோடு பசறை பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். "நீ எங்கடி வர்ற?" என்றாள் அக்கா. "ஒங்க வீட்டுக்குத்தான்" என்றேன்.

லயத்தில் கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. பின் சுவரில் சாமி படத்துக்குக் கீழே விரல் நுழைகிற பிளவு. மறுநாள் உள்ளே சரிந்தது அந்தச் சுவர்தான்; அன்றைக்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரருக்குப் பேசினேன்.

"லயத்துல இருக்கேன். நீங்க வந்து மச்சானக் கூப்புடாம எறங்க மாட்டேன்."

"பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினார். போனை வைத்துவிட்டேன்.

வீராப்பு அவ்வளவுதான். மேட்டில் எங்கோ மண் பொத்தென்று விழும்போதெல்லாம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் என்னை இறங்கச் சொல்லி இரண்டு தடவை அதட்டினார். பிறகு பிள்ளைகளை வாசல் பக்கமாக நகர்த்தி உட்காரவைத்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. வான் வண்டி மேலே வரமுடியாமல், கீழே பாதை வளைகிற கோயில் முடக்கிலிருந்து நடந்தே ஏறி வந்திருந்தார் என் வீட்டுக்காரர். கடைக்குக் காலில் மாட்டிப் போகிற சப்பாத்து முழுக்கச் சேறு. என்னைத் திட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பிளவைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. கிட்டே போய் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே," என்றார். அப்புறம், "வீட்டுக்கு வாங்கண்ணே. நான் முன்னாடியே கூப்புட்டிருக்கணும். வாங்க."

மச்சான் கொடியில் கிடந்த துவாயை எடுத்து, தலையைத் துவட்டச் சொல்லி அவரிடம் நீட்டினார்.

"மாட்ட அவுத்துக் கோயில் பக்கம் கட்டிட்டு வந்துர்றேன். நீங்க பிள்ளைகள எறக்குங்க தம்பி" என்றார்.

அதுவரை மச்சான் என் வீட்டுக்காரரை முதலாளி என்று மட்டுமே கூப்பிட்டிருந்தார். அன்றுதான் முதல் தடவை தம்பி என்றார்.