மகளிர் நேரம்

தேவகனியின் பிறந்த வீட்டுப் பின்வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் போய் விழும். அப்பாவும் தம்பி ஜெகினும் கடலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் கடியபட்டணத்தில் அவள் வயதுப் பெண்பிள்ளைகள் யாருக்கும் கணுக்காலுக்கு மேலே கடல் தெரியாது. பையன்கள் நடை பழகும்போதே அலையில் விழுந்து எழுவார்கள். பெண்பிள்ளைகள் கரையில் கூடையோடு நிற்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை அது. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. தேவகனி நர்ஸிங் படித்தாள், கிறிஸ்துதாஸைக் கட்டினாள், அவருக்கு வளைகுடாவில் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கிடைத்ததும் அவளும் வந்து அங்கே ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள்.

ஓகி புயல் அடித்த ஆண்டு ஜெகின் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். திரும்பவில்லை. அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்காமல் பூசை மட்டும் வைத்தார்கள். சேதி வந்தபோது தேவகனி டியூட்டியில் இருந்தாள். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்து, தாயிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். அதற்குப் பிறகு நிறைந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விடுமுறை நாட்களில் ருவைஸ் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகும்போது, கிறிஸ்துதாஸ் அவளை அழைப்பதை விட்டுவிட்டார். ஜெகின் பெயரையும் அவர் வீட்டில் எடுப்பதில்லை.

பத்திரிகையில் வருகிற மாதிரி ஒரு பெரிய காரணம் வந்து அவளைத் தண்ணீர்ப் பக்கம் இழுக்கவில்லை. முழங்கால் வலி இழுத்தது. வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்த கால்கள் நாற்பத்தைந்து வயதில் படியேற மறுத்தன. கிளினிக்கின் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “தரையில நடந்தது போதும் சிஸ்டர், இனிமே தண்ணியில நடங்க. நம்ம சென்டர்லதான் செவ்வாய்க்கிழமை லேடீஸ் டைம் இருக்கே” என்றார்.

சென்டர் என்றால் குடியிருப்பின் நடுவில், பள்ளிவாசலுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் இடையில் நிற்கும் மணல்நிறக் கட்டடம். தேவகனி அங்கே கிறிஸ்துமஸ் கூடுகைக்கு மட்டும் போயிருக்கிறாள். அதன் மானேஜர் அப்துல் ஹாதி காயல்பட்டினத்துக்காரர். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. “பார்ப்போம்” என்பார்; பார்த்தும்விடுவார். ஒரு ரமலான் மாதத்தில் பாகிஸ்தானிக் குடும்பங்களின் நோன்பு திறப்பும், ஒரு தெலுங்குப் பெண்ணின் சீமந்தமும் ஒரே மாலையில் ஒரே கூடத்துக்கு வந்து மோதின. நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு இரண்டையும் நடத்திக் காட்டினார். கேம்ப்பில் தங்கி வேலை செய்யும் ஆட்கள் ஞாயிறுதோறும் வந்து வீட்டாரோடு வீடியோவில் பேச ஓர் அறையைக் கேட்டபோது, தன் ஆபீஸ் அறையையே திறந்துவிட்டு, தான் வெளியே வரவேற்பு மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய் மாலை வந்தால் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கண்ணாடிச் சுவர்களுக்குத் திரை விழும். ஆண் காவலர்கள் வெளியே போய்விடுவார்கள். அக்கரைப்பற்றிலிருந்து வந்த நஸீஹா என்ற இளம்பெண்தான் அந்த நேரத்துக்கு உயிர்காப்பாளரும் பயிற்சியாளரும். முதல் நாள் தேவகனி குளத்தின் விளிம்புவரை போய், நீலத்தைப் பார்த்து, திரும்பி நடந்தாள்.

“எனக்குப் பேடியாட்டு இருக்கு பிள்ளே. பொறவு வாறேன்.”

“இறங்கச் சொல்லி ஆரக்கா சொன்னது?” என்றாள் நஸீஹா. “வந்து இருங்க, அது போதும். பயம் போகாட்டியும் ஒண்டுமில்ல.”

அப்படித்தான் தேவகனி செவ்வாய்க்கிழமைகளில் குளத்தோர பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். முழு உடுப்பு போட்டு நீந்தும் அரபுப் பெண்கள், டீ சர்ட்டும் லெக்கின்ஸுமாக வந்து சிரித்தே குளத்தைக் கலக்கும் பிலிப்பினோ நர்ஸுகள், தலையை நனைக்காமல் ஓரமாக நடக்கும் சென்னைக்காரப் பெண்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நஸீஹா ஒருநாள்கூட அவளை அவசரப்படுத்தவில்லை. போகும்போது “அடுத்த கிழமையும் வாங்க” என்பாள், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய் மாலை ஜெயலட்சுமி தன் மகள் மஹதியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். திருச்சிக் குடும்பம், கணவர் ஆலையில் இன்ஜினியர். மஹதிக்குப் பதினேழு வயது. பிறவியிலிருந்தே கால்கள் அவள் சொன்னபடி கேட்பதில்லை. சில சமயம் உடம்பு முழுவதும் கம்பி போல இறுகிவிடும். புத்தி கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

ஜெயலட்சுமி மூச்சு வாங்க தேவகனியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “முன்னாடி இருந்த ஊர்ல ஒரு கிளப்ல கேட்டோம் சிஸ்டர். இன்ஷூரன்ஸ் ஒத்துக்காதுன்னு ரொம்ப மரியாதையா சொல்லி அனுப்பிட்டாங்க. இங்க ஹாதி பாய், முதல்ல கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்னார். அதான் வந்துட்டோம்.”

“ஸ்கூல்ல எல்லாரும் பூல் பார்ட்டி போவாங்க, ஆன்ட்டி” என்றாள் மஹதி. “நான் மட்டும் வெளிய உக்காந்து போட்டோ எடுப்பேன். போதும், ஐ’ம் டன்.”

ஆனால் எப்படி இறக்குவது? அப்போது அங்கே ஆளை உட்காரவைத்துத் தண்ணீரில் இறக்கும் தூக்கு நாற்காலி கிடையாது. படிகள்தான். நஸீஹா தண்ணீரில் நின்று கைகளை நீட்டினாள். ஜெயலட்சுமி மகளின் அக்குளில் கைகொடுத்து விளிம்பில் உட்கார வைத்தாள். தண்ணீர் காலில் பட்டதும் மஹதியின் உடம்பு விறைத்துக்கொண்டது. முதுகு வில்லாக வளைந்தது. தாயின் பிடியிலிருந்து தோள் நழுவியது.

“நில்லுங்க, நில்லுங்க! கையப் பிடிச்சு இழுக்காதுங்க!”

கத்தியது தான்தான் என்பது தேவகனிக்குப் பிறகுதான் தெரிந்தது. சுடிதாரோடு படியில் இறங்கிவிட்டிருந்தாள். ஒரு கையை மஹதியின் முழங்கால்களுக்குக் கீழேயும் மறு கையை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்தாள். எத்தனையோ நோயாளிகளைக் கட்டிலுக்கு மாற்றிய கைகள் அவை. “மக்களே, எனக்க கழுத்தக் கட்டிக்க. மூச்ச விடு. பைய, பைய.” நஸீஹா இடுப்பைத் தாங்கினாள். இருவரும் பின்னோக்கி நடக்க, மஹதியின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டது.

குளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். மஹதி தன் கைகளைத் தண்ணீரில் அளைந்து பார்த்தாள். பிறகு தேவகனியின் முகத்தைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நீங்க நடுங்குறீங்க.”

தேவகனி குனிந்து பார்த்தாள். தண்ணீர் அவள் நெஞ்சுவரை இருந்தது.

“ஆமா மக்களே. நடுங்கத்தான் செய்யுதேன்.”

“எனக்கும் பயம்தான். பட் இட்ஸ் நைஸ், இல்ல?”

தேவகனி மஹதியின் முதுகை இன்னும் நன்றாகத் தாங்கிக்கொண்டாள். நஸீஹா கண் சிமிட்டிச் சிரித்தாள்.

அடுத்த வாரமே முணுமுணுப்பு கிளம்பியது. குளத்தில் ஏதாவது அசுத்தமாகிவிட்டால் என்ன செய்வது, அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு நேரம் கொடுத்துவிடக்கூடாதா என்று சில பெண்கள் ஹாதியிடம் போய்க் கேட்டார்கள். அவர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“தனி நேரம் குடுத்தா அந்தப் புள்ள தனியாத்தாம்மா குளிக்கும். தனியா குளிக்க வீட்டு பாத்ரூமே போதுமே, சென்டர் எதுக்கு?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “தண்ணிய வழக்கம்போல சுத்தம் பண்ணுறோம். அதுல ஒரு குறை வந்தா என்னைக் கேளுங்க.”

இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி பிறகு திரும்பி வந்தாள். ஹாதி அதோடு நிற்கவில்லை. குடியிருப்பு நிர்வாகத்தை விடாமல் நச்சரித்து, குளத்தோரத்தில் தூக்கு நாற்காலியைப் பொருத்த வைத்தார். உடை மாற்றும் அறையின் வாசலையும் இடித்து அகலப்படுத்தினார்.

நாற்காலி வந்த சேதி குடியிருப்பைத் தாண்டியும் பரவியது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோன உம்மு ஹமத் என்ற உள்ளூர்ப் பெண்மணியை அவர் மகள் கூட்டி வந்தாள். கூடவே பிளாஸ்க் நிறைய கஹ்வாக் காப்பியும் ஒரு தட்டுப் பேரீச்சையும் வந்தன. உம்மு ஹமத்துக்கு அரபு மட்டும்தான் தெரியும். தேவகனிக்கு கிளினிக்கில் பொறுக்கிய அரபு கொஞ்சம் தெரியும். “ஷ்வய்யா, ஷ்வய்யா” என்று தேவகனி அவரை மெதுவாக நடத்துவாள். பதற்றத்தில் தன்னை மறந்து “பைய, பைய” என்றும் சொல்லிவிடுவாள். உம்மு ஹமத் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். குளத்தில் யாராவது தண்ணீரைச் சிதறடித்து நீந்தினால் போதும், அரசி போல நிமிர்ந்து “பைய!” என்று அதட்டுவார். கொஞ்ச நாளில் பிலிப்பினோ நர்ஸுகளும் அதையே சொல்லத் தொடங்கினார்கள்.

மிதக்க முதலில் கற்றுக்கொண்டவள் மஹதி. தரையில் பாரமாக இருந்த கால்கள் தண்ணீரில் தாமாகவே எழும்பின. அதற்குப் பிறகு அவள் தேவகனியை விடவில்லை.

“ஆன்ட்டி, நீங்க கழுத்தத் தூக்குறீங்க. அதான் முழுகுறீங்க. காது ரெண்டும் தண்ணிக்குள்ள போகணும். சீலிங்கைப் பாருங்க.”

“காதுல தண்ணி போவாதா?”

“போகட்டுமே!”

ஒரு மாலை தேவகனி காதுகளைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த அரங்கத்தின் இரைச்சல் சட்டென்று நின்றுபோனது. தன் மூச்சு மட்டும் கேட்டது. முதுகுக்குக் கீழே நஸீஹாவின் உள்ளங்கை இருந்தது, பிறகு இல்லை. ஜெகினுக்கும் கடைசியில் இப்படித்தான் எல்லாச் சத்தமும் ஓய்ந்திருக்குமோ என்று அவள் நினைத்தாள். இத்தனை வருடமாக நினைக்கவே பயந்த நினைப்பு அது. கண்ணீர் வந்து குளத்துத் தண்ணீரோடு போயிற்று. அவள் முழுகவில்லை. எழுந்து நின்றபோது ஜெயலட்சுமி ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மகளிர் நேரத்துக்கு ஒரு சோதனை வந்தது. நஸீஹாவின் கணவருக்கு வேலை ஒப்பந்தம் முடிந்தது. “கலாஸ் அக்கா, எல்லாம் முடிஞ்சி. ஊருக்குப் போறம்” என்றாள் அவள், அழுதுகொண்டே. பயிற்சி பெற்ற பெண் உயிர்காப்பாளர் இல்லாமல் திரை போட்டுக் குளத்தைத் திறக்க விதி இடம் தராது. ஹாதி பல இடங்களில் தேடினார். பாலைவனத்தைத் தாண்டி இத்தனை தூரம் வர யாரும் சம்மதிக்கவில்லை. அவர் “பார்ப்போம்” என்றபோது முதன்முறையாக அந்தக் குரலில் தெம்பில்லை.

“நான் படிச்சா ஆகுமா ஹாதி பாய்?” என்று தேவகனி கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திகைத்தாள்.

மிதந்த மாலைக்குப் பிறகு தேவகனி கொஞ்சம் கொஞ்சமாக நீந்தவும் பழகியிருந்தாள். நஸீஹா தனக்கு மிச்சமிருந்த வாரங்களில் அவளைக் கசக்கிப் பிழிந்தாள். ஒருகாலத்தில் அவசரப்படுத்தாத அதே பெண் இப்போது ஈவு இரக்கம் காட்டவில்லை. “உங்களுக்கு ஏலும் அக்கா, இன்னொரு தரம்!” நீளவாக்கில் நீந்துவது, மயங்கியவரை இழுத்து வருவது எல்லாம் வந்துவிட்டன. குளத்தின் ஆழமான முனையில் அடித்தரையில் கிடக்கும் எடையை மூழ்கி எடுத்து வருவது மட்டும் வரவில்லை. உயிர்காப்பாளர் சான்றிதழுக்கான முதல் தேர்வில் தேவகனி பாதி ஆழம் போனாள். காது அடைத்தது, கண்களை இறுக மூடிக்கொண்டாள், வெறுங்கையோடு மேலே வந்தாள். தோல்வி.

அன்று கிறிஸ்துதாஸ் அவளைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சிக்னலில் வண்டி நின்றபோது சொன்னார்: “நம்ம கல்யாணம் கழிஞ்ச புதுசில ஜெகின் முங்கி முங்கி சிப்பி எடுப்பான். கண்ண மூடப்பிடாது மாமான்னு எனக்கிட்ட சொல்லுவான். கண்ணத் தொறந்து வச்சா ஆழம் தெரியும், ஆழம் தெரிஞ்சா பயம் இல்லன்னு.”

தம்பியின் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

“எங்கிட்ட ஒருநாளும் சொல்லல்ல அவன்” என்றாள் தேவகனி.

“நீ தண்ணியில எறங்கவா போற, உங்கிட்ட சொல்லியதுக்கு?”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் அவள் அழுதாள். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

இரண்டாவது தேர்வில் அவள் நீச்சல் கண்ணாடிக்குள் கண்களை அகல விரித்தபடி கீழே போனாள். அடித்தரை ஒன்றும் இருட்டாக இல்லை, வெள்ளை ஓடுகள்தான். எடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்து மூச்சு விட்டபோது, விளிம்பில் நின்ற நஸீஹா குதித்த குதியில் அவள் கையிலிருந்த விசில் குளத்துக்குள் விழுந்தது. அதையும் தேவகனியே மூழ்கி எடுத்துக் கொடுத்தாள்.

நஸீஹா ஊருக்குப் போனாள். மகளிர் நேரம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கிளினிக் டியூட்டியை மாற்றிக்கொண்டு தேவகனி செவ்வாய்தோறும் கழுத்தில் விசிலோடு நின்றாள். முழங்கால் முழுவதும் குணமாகிவிடவில்லை. மழைக்கால ஈரம்போல வலி வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் தண்ணீரில் அவள் அதை மறந்துபோவாள். சென்டரைத் துப்புரவு செய்யும் நேபாளிப் பெண்கள் தங்களுக்கும் கற்றுத்தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஹாதியைக் கேட்காமலேயே “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, பிறகு அவரிடம் பேசி வாரத்தில் இன்னொரு மாலை நேரத்தையும் அவர்களுக்காக வாங்கிக் கொடுத்தாள்.

மஹதிக்கு ஷார்ஜாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. கடைசி செவ்வாயன்று அவள் குளத்தின் அகலத்தை மல்லாந்தபடி கைகளால் மட்டும் கடந்தாள். கூடவே நீந்திய தேவகனி அவளைத் தொடவில்லை. எதிர்ச்சுவரில் கை பட்டதும் குளமே ஆர்ப்பரித்தது. ஜெயலட்சுமி தேவகனியின் ஈரக் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் உம்மு ஹமத் தூக்கு நாற்காலியில் இறங்கி வந்ததும் சுற்றிலும் தேடினார். “பின்த் வேன்?” பொண்ணு எங்கே என்று கேட்டார்.

“யூனிவர்சிட்டி” என்றாள் தேவகனி.

“மாஷா அல்லாஹ்!” கிழவியின் முகம் மலர்ந்தது. தளர்ந்த வலக் கையை இடக் கையால் தூக்கித் தேவகனியின் தோளில் வைத்தார். “யல்லா” என்றார். இருவரும் தண்ணீரில் நடக்கத் தொடங்கினார்கள்.