பேர் சொல்லிக் கூப்பிட்டேன்

என் வீட்டுக்காரருக்கு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டத் தெரியாது. மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டத்தான் தெரியும். "போலீஸ் நிக்கிற எடத்துல போட்டுக்குவேன்லா. நம்ம ஊரு பண்டமாரானுக்குள்ள எவன் புடிக்கப் போறான்?" என்பார். போலீஸ்காரனுக்காகவா கடவுள் மண்டையைப் படைத்தான்? கத்தியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். துறைமுகத்தில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. எங்களுக்குக் கல்யாணமான புதிது, எண்பதுகளின் தொடக்கம்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், லோரிக்கு ஒதுங்கப்போய் மோட்டார் சறுக்கிவிட்டது. கை காலில் ஒரு கீறல் கிடையாது. அடி மொத்தமும் தலையில். கிள்ளான் ஆஸ்பத்திரியில் முடியாது என்று கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே டாக்டர் யாழ்ப்பாண வம்சத்துக்காரர், அதே ஊர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவராம். என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "பிள்ளை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில ஒரு வேலி இருக்கு. வேணுமெண்டதை மட்டும்தான் உள்ளுக்கு விடும். அடிபட்டதில அது கிழிஞ்சு போச்சு. தண்ணி உள்ளுக்குப் போய் மூளை வீங்குது. சுத்திவர எலும்பு, வீங்க இடமில்லை. உள்ள இருக்கிற உயிரணு எல்லாம் நெரிபட்டுச் சாகும். செத்தது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் பாக்கிறம்."

"எது செத்துச்சு, எது இருக்குன்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"கண் முழிச்சுக் கதைச்சாத்தான் தெரியும்."



வீக்கத்தை வற்றவைக்க ஊசிமருந்து ஏறிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்து அவர்களே தூங்கவும் வைத்திருந்தார்கள். தலைமாட்டை உயர்த்தியே வைக்க வேண்டும், சத்தம் கூடாது, ஆட்டக் கூடாது. ஆனால் எங்கள் சனம் சொன்னால் கேட்குமா? "புள்ளைக்குக் கழுத்து வலிக்கும்" என்று மாமியார் கட்டிலின் பிடியைச் சுற்றி இறக்கப் பார்த்தார். சூடு தணிய இளநீர் வேறு கொண்டுவந்தார். நான் வார்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த வேலிதான் போய்விட்டது, வெளியிலாவது ஒன்று இருக்கட்டும் என்று. திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும், எனக்கென்ன.

வீக்கம் வடிந்தது. தூக்க மருந்தையும் நிறுத்தினார்கள். ஆனால் கண் திறக்கவில்லை. அங்கே நர்ஸாக இருந்த மலாய்க்கார மிஸ்ஸி, "காதுகிட்ட போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. இப்படிக் கிடக்கிறவங்க சொந்தப் பேருக்குத்தான் திரும்புவாங்க" என்று மலாயில் சொன்னாள்.

வந்ததே வினை! கட்டின நாள் முதல் அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட அவருடைய ஐசியை, அடையாள அட்டையை, எடுத்து நீட்டிவிடுவேன். "ஏங்க, ஏங்க" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். "ஏங்கவா அவர் பேரு?" என்று கேட்டாள் மிஸ்ஸி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

மாமியாரோ, பெற்ற பிள்ளையை "ஐயா" என்றே கூப்பிட்டுப் பழகியவர். அவர் என் முதுகைத் தடவி, "நீயே சொல்லும்மா, பரவால்ல. நான் காதப் பொத்திக்கிறேன்" என்றார். சொன்னபடியே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

சொன்னேன். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடியும் சொன்னேன், சத்தமாக.

இமை அசைந்தது. கண் திறந்தது. என்னைத்தான் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் மரியாதையாகக் கேட்டார்.

"சொல்லுங்க அக்கா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். படுபாவி, இந்த நேரத்திலும் குறும்பா என்று அவர் கையில் செல்லமாகத் தட்டக்கூடச் செய்தேன். கடையில், பஸ்ஸில், முன்பின் தெரியாத பெண்களிடம் அவர் பேசுகிற அதே குரல் என்பது பிறகுதான் உறைத்தது.

அம்மாவைத் தெரிந்தது. துறைமுகத்துக் கூட்டாளிகளைத் தெரிந்தது. வீட்டுக்கு வரும்போது எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று டாக்சிக்காரருக்கு அவரே சொன்னார். என்னையும் எங்கள் கல்யாணத்தையும் மட்டும் காணோம். கல்யாண போட்டோவைக் காட்டினேன். "நல்லா இருக்குக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காத்திருக்கச் சொன்னார் டாக்டர். காத்திருந்தேன். "ஏங்க" என்றால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று சும்மா இருப்பார். பேர் சொன்னால்தான் திரும்பினார். என் வீட்டில், என் புருஷனை, அக்கம்பக்கம் கேட்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு, அவருக்கு உயிர். ரசித்துச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி ஊற்றப் போனபோது கையால் தட்டை மறைத்துக்கொண்டார்.

"போதுங்கக்கா. உங்க வீட்டுக்காரர் இன்னும் சாப்பிட வரலையே. அவருக்கு வேணுமில்ல?"

"அவருக்கு எடுத்து வச்சிருக்கேன், நீங்க சாப்பிடுங்க" என்றேன்.