மூன்று நாள் மழை

வேளாண் பொறியியல் கடைசி வருடம் படித்தபோது, புராஜெக்ட் வேலைக்காகப் போடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் வைத்திருந்த மழைமானியில், தினமும் காலை எட்டரைக்கு மழையை அளந்து எழுத வேண்டும். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மலைக்குப் போகும் ஜீப் ஓடத்தான் செய்தது. நான்தான் போர்வையை விட்டு எழவில்லை. பேராசிரியர் கேட்டதும், மூன்று நாளுக்கும் மனதில் தோன்றிய எண்களைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் மேலே போனேன். தோட்டத்திலேயே குடியிருந்து களை எடுக்கும் ஓர் அக்கா, மூடி போட்ட மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒடம்புக்கு முடியலையாக்கும்னு நெனச்சேன் தம்பி. டப்பா நெறஞ்சு வழிஞ்சா ஒங்க சோலி கெட்டுப்போகுமேன்னு, நீங்க வர்ற நேரத்துக்கே தெனமும் ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சேன். ஒரு சொட்டு சிந்தல. இப்பத் தேவலையா?"

தலையை மட்டும் ஆட்டினேன். தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி அளந்தேன். முதல் பாட்டிலில் இருந்ததே, நான் மூன்று நாளுக்கும் சேர்த்து எழுதியதைவிட அதிகம்.

"சரியா இருக்கா தம்பி?"

"இருக்குக்கா" என்றேன். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அன்றே பேராசிரியருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு எண்களைத் திருத்தினேன். ஆனால் பதிவுத்தாளில் 'மழைநீர் எடுத்தவர்' என்ற கட்டத்தில், அந்த மூன்று நாளுக்கும் என் பெயரையே விட்டுவைத்தேன். அந்த அக்காவின் பெயரை நான் கேட்டிருக்கவே இல்லை.