பிட்டு எழுதிய கால்

பிசியோதெரபி முதலாண்டு அனாட்டமியில் ஒருமுறை ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தேன். சக மாணவன் ஒருவனை மேசையில் படுக்கவைத்து, கால் தசைகளைத் தொட்டுக் காட்டி, பெயரும் வேலையும் சொல்ல வேண்டும். இன்னொரு முறை கோட்டை விட்டால் அந்த வருடமே போச்சு. பெயர் வைத்தவர்களுக்கு நம்மேல் என்ன கோபமோ! தொடையில் குறுக்காக ஓடும் நாடா மாதிரித் தசைக்கு சார்ட்டோரியஸ் என்று பெயர். தையற்காரர் தசையாம். துணி தைப்பவருக்கு மட்டும்தான் தொடை இருக்கிறதா?

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, தேர்வில் என் ஜோடியான பரங்கிப்பேட்டைக்காரனைக் கடலூரில் எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்து, அவன் வலது காலில் மார்க்கரால் தசைகளை வரைந்து பெயரும் எழுதினேன். பூசை முடிந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தப் புள்ள கால்ல ஏன்டா கோலம் போடுற?"

"படிக்கிறம்மா."

"ஏன், நோட்டு இல்லியா ஒனக்கு?"

அது அழியாத மார்க்கர் என்பது அவன் குளியலறையிலிருந்து கத்தியபோதுதான் தெரிந்தது. மறுநாள் தேர்வுக்குப் போன சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கால்கடுக்க நின்றபடி வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.

தேர்வறையில் அரை டவுசரோடு மேசையில் ஏறிப் படுத்தான். தேர்வு நடத்தும் மேடம் அவன் வலது காலை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார்.

"இது காலா, பிட்டா?"

"படிக்கிறதுக்காக எழுதுனது மேடம்..."

"சரி, எடது காலுக்கு வா. குதிகாலைத் தூக்குற தசை எது?"

நான் படித்தது வலது கால் மட்டும். இடது கால், கண்ணாடியில் தெரியும் பேப்பர் மாதிரி இடவலம் மாறி இருந்தது. பயந்துபோய் அவன் பாதத்தைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

"ஐயோ மச்சான், கெண்ட புடிச்சிக்கிச்சுடா!"

கெண்டைக்கால் சதை இரண்டு உருண்டையாகத் திரண்டு நின்றது. வலியில் மடங்கிய முட்டியை யோசிக்காமல் நீட்டி, பாதத்தை அவன் முகத்தைப் பார்க்க மேலே தள்ளினேன்.

"ஏன் மேல தள்ளுற?" என்றார் மேடம்.

"இதுதான் குதிகாலத் தூக்குற தசை மேடம். எதிர்ப்பக்கம் இழுத்தா நீளும், பிடிப்பு விட்டுரும்."

"முட்டிய ஏன் நீட்டுன?"

"முட்டிக்கு மேலயே ரெண்டு தலையா ஆரம்பிக்குது. முட்டி மடங்கியிருந்தா முழுசா நீளாது."

"பேரு?"

"கேஸ்ட்ராக்னீமியஸ்!"

"பாஸ். கால விடு, பாவம்."

வெளியே அவன் நொண்டிக்கொண்டே கேட்டான்: "வலி எனக்கு, பாஸ் ஒனக்கா?"

மதியம் அவன் முறை. மேசையில் நான். மேடம் எந்தத் தசையைக் கேட்டாலும் கிள்ளித்தான் காட்டினான்.