மன்னிப்புக் கேட்கப் போய் வேலையை விட்ட கதை

எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்து, இங்கே ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் முழுக்கப் பனி கிடக்க நாங்கள் மட்டும் வெள்ளத்தில் நின்றோமே, அதற்கு அடுத்த கிழமை நடந்தது இது. மனைவிக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். கண்ணென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கரைச்சல்தான், அதை விடுவோம். நான் கூடப் போக வேண்டும். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், முதலாளியிடம் லீவு கேட்காமல் முடியுமா?

முதலில் "என்ட்ஷுல்டிகுங்", அதாவது மன்னிக்கவும், என்று சொல்லிவிட்டுக் கேட்பதுதான் மரியாதை என்று மகள் சொல்லித் தந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஆள் முன்னால் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"கூண்டிகுங், ஷெஃப். ஃப்ரைடாக். பிட்டே." முதலாளி, வெள்ளிக்கிழமை, தயவுசெய்து என்ற மற்ற மூன்றும் சரியாகத்தான் வந்தன.

முதலாளியின் முகம் வாடிப்போனது. ஏதோ நீளமாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "யா, யா", ஆமாம் ஆமாம், என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நாள் லீவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

சமையல்கார ராசன் ஓடி வந்தான். "அண்ணை, உங்களுக்கென்ன விசரே? வெள்ளியோட வேலையை விடுறன் எண்டு சொல்லிப்போட்டியளாம்!"

"நான் மன்னிப்பெல்லோ கேட்டனான்!"

"கூண்டிகுங் எண்டால் ராஜினாமா, அண்ணை!"

இரண்டு சொல்லுக்கும் ஒரே வாலை ஒட்டி வைத்தவனை என்ன செய்வது? ராசன் என்னை இழுத்துக்கொண்டு போய் விளக்கம் சொல்ல, முதலாளி மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். லீவும் தந்தார். ஆனால் இன்றைக்கும் நான் கதவைத் தட்டினாலே "கூண்டிகுங்?" என்கிறார்.

இப்போது நான் மன்னிப்பே கேட்பதில்லை. "டார்ஃப் இஷ்", செய்யலாமா, என்று நேரே கேட்டுவிடுகிறேன். புதிதாக வேலைக்குப் போகிற நம்மவர்கள் யாரையாவது கண்டால் இதை ஒருக்கால் சொல்லிவிடுங்கள்.